அருவிக்கரையில் ஒரு ப்யூரெட்

பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஹைப்போவுக்கு உங்க பாடத்துல என்ன பேரு?"

"சோடியம் தயோசல்பேட்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா அதை ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்து, மாப்பிள்ளைக்கு உடம்பில் கோளாறு எதுவும் உண்டா என்று அப்பாவிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறாள். போட்டோ கழுவுகிற உப்பு அது என்று அப்பா விளக்கிச் சொன்ன பிறகுதான் பாக்கு வெற்றிலை மாற்றச் சம்மதித்தாள்.

அவர் தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்து முடித்து, தென்காசியிலேயே பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்திருந்த சமயம். கல்யாணம் ஆன ஐந்தாம் மாதம் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது.

சீசன் வந்துவிட்டால் அவருக்கு ஸ்டூடியோ மறந்துபோகும். பேரருவிக்குப் போகிற பாதையில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, காமிராவோடு பகலெல்லாம் அங்கேயே குடியிருப்பார். அருவியில் நனைந்து, தலையைத் துவட்டியும் துவட்டாமலும் வருகிறவர்களை நிறுத்திப் படம் எடுப்பது, கொட்டகையின் பின்பாதியில் கறுப்புத் துணி அடித்த இருட்டறையில் பிலிமைக் கழுவுவது, மறுநாள் காலையில் படத்தைக் கையில் கொடுப்பது, இதுதான் இரண்டு மாதத்துக்கும் வேலை. வருஷம் முழுக்க ஸ்டூடியோவில் வந்து விறைப்பாக உட்காருகிறவர்களைவிட இந்த ஈரத்தலைக்காரர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். அருவித் தண்ணீர் விழுந்த முகத்தில் பவுடர் நிற்காது, கர்வமும் நிற்காது என்பார்.

அந்த வருஷம் முதல் வாரத்திலேயே நெகட்டிவ்கள் வெளிறி வர ஆரம்பித்தன. கண்ணாடித் தம்ளரில் மோரை ஊற்றிக் கவிழ்த்தால் ஒட்டியிருக்குமே, அந்த அளவுக்குத்தான் படம் இருந்தது. அதில் இருந்து அச்சுப் போட்டால் எல்லோர் முகமும் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும்.

"சாரல்" என்றார் அவர். "மேகம் கவிஞ்சு கெடக்கு. வெளிச்சம் பத்தல."

லென்ஸைக் கூடுதலாகத் திறந்து வைத்து எடுத்தார். அப்போதும் அப்படியேதான் வந்தது. அடுத்து, அருவித் தண்ணீரின் குளிர்ச்சியில் படத்தை வரவழைக்கிற டெவலப்பர் மருந்து விறைத்துப்போய் வேலை செய்ய மாட்டேன் என்கிறது என்று முடிவு கட்டி, மருந்துச் சாடியைச் சுடுதண்ணீர் வாளிக்குள் இறக்கி வைத்தார். கொஞ்சம் தேவலை போலத் தெரிந்தது, அவ்வளவுதான். தென்காசி ஸ்டூடியோவில், அதே கையால் அதே கணக்கில் கலக்கிய மருந்தில் கழுவிய படங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அவரைக் குழப்பியது. வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைந்தது, சோறும் குறைந்தது.

இந்த நேரத்தில்தான் பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பதினாலு பேர். அவருடைய தங்கை புருஷனுக்குக் கொழும்பில் கடை. கல்யாணமாகி இரண்டு வருஷம் தனியாகப் போய்வந்தவர், இந்தத் தடவைதான் மனைவியையும் அழைத்துப் போகிறார். மறுநாள் ரயில் ஏற வேண்டும். அதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். என் கணவரும் அருவியைப் பின்னால் வைத்து, குழந்தைகளை ஆடாமல் நிறுத்தி, ஒரே ஒரு பிலிமில் எடுத்து முடித்தார். அடுத்த பிலிம் எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து வியாபாரி வந்து படத்தைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல என் தங்கச்சி எங்கன நிக்கா?"

"இடது பக்கத்துல இருந்து மூணாவது, அண்ணாச்சி."

"மூணாவதா நிக்கது ஆவில்லா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லையாம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று என் கணவர் அன்று சாயந்தரம் சொன்னார். தங்கையை வளர்த்தது இந்த அண்ணன்தான். கப்பலேறிப் போக அவளுக்கு மனமில்லையோ, நாம்தான் பிடித்துத் தள்ளிவிட்டோமோ என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்திருக்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் படமாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறார். "ஞாயித்துக்கிழமை வாரேன். நல்லதா ஒண்ணு போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்லதாகப் போட நெகட்டிவ் வேண்டுமே.

அந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்: "டெவலப்பரைச் சோதிச்சுப் பாக்கணும்."

"பாத்தாச்சு" என்றார். மருந்தில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நனைத்துத் தேய்த்துப் பார்ப்பார். சோப்புத் தண்ணீர்போல வழுக்கினால் மருந்துக்கு வேகம் கொடுக்கிற சோடா இருக்கிறது என்று அர்த்தம். "நல்லா வழுக்குது. பதினஞ்சு வருசமா இந்த வெரல்தான் பாக்கு."

"சோடா இருக்குன்னுதான் விரல் சொல்லும். எவ்வளவு இருக்குன்னு சொல்லாதே" என்றேன்.

அவர் இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புதுப் பெண்டாட்டி தொழிலில் குறை சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? நானும் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க பள்ளிக்கூடத்துல அளந்து பாக்குற கண்ணாடிக் குழாய் இருக்குமோ?"

எங்கள் பள்ளியில் மொத்தம் இரண்டு ப்யூரெட்தான் உண்டு. அளவுக் கோடுகள் போட்டு, அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாய் அது. திருகைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக விழும். விழுந்தது எவ்வளவு என்று கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு திரவத்தில் அளவு தெரியாத பொருள் இருந்தால், அளவு தெரிந்த இன்னொரு திரவத்தை இப்படிச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்திக் கணக்குப் போடுவதுதான் டைட்ரேஷன். தலைமையாசிரியை கண்டிப்பானவர். 'எதற்காக?' என்று எழுதித் தரச் சொன்னார். "குற்றாலத்தில் புகைப்படங்கள் வெளிறுவதன் காரணம் காண" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "போன வருஷம் நான் அங்க எடுத்துக்கிட்டதும் அப்படித்தான் இருக்கு. அதையும் பாருங்க" என்று கையெழுத்துப் போட்டார். அந்தப் படத்தை எடுத்தவர் வேறு ஆள் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் ப்யூரெட்டைப் பழைய சேலையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டேன். காலடியில் கூடை. அதில் அமில பாட்டில், அயோடின் பாட்டில், உறிஞ்சி அளந்தெடுக்கப் பிப்பெட், அமிலத்துக்கு நிறம் காட்ட மெத்தில் ஆரஞ்சு, அயோடினுக்கு நிறம் காட்டும் கஞ்சி காய்ச்சக் கொஞ்சம் கூவைக்கிழங்குப் பொடி. கூடவே ஸ்டூடியோவில் கலக்கி வைத்திருந்த நல்ல டெவலப்பர் ஒரு பாட்டில். கண்டக்டர் சேலைப் பொட்டலத்தைக் குனிந்து பார்த்தார்.

"பச்சப் புள்ளையாம்மா?"

"இல்ல, கண்ணாடி."

"புள்ளைய விடப் பத்திரமாப் பிடிச்சிருக்கியளே" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

கொட்டகைக்குப் போனால் வாசலில் ஒரே கூட்டம். துண்டு கட்டியவர்கள், எண்ணெய் வழிய நிற்கிறவர்கள். அவர்கள் முன்னால் நின்று வேலை செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் இருட்டறைக்குள் கொண்டுபோய், சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். கொட்டகை டெவலப்பரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து, அதில் பத்து மில்லி எடுத்து, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, ப்யூரெட்டிலிருந்து அமிலத்தை விடத் தொடங்கினேன். சோடா இருக்கிறவரை மஞ்சளாக இருக்க வேண்டும், தீர்ந்ததும் சிவக்க வேண்டும். பத்து விட்டேன், இருபது விட்டேன், முப்பதும் விட்டாயிற்று. நிறம் மாறவே இல்லை. இவ்வளவு சோடா இந்த மருந்தில் இருக்கவே முடியாது.

அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, சிவப்பு லைட்டுல செவப்பு எப்படித் தெரியும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை. ஒரு வாரமாக அந்த இருட்டறைக்குள் கேட்காத சிரிப்பு அன்று இரண்டு பேரிடமிருந்தும் வந்தது.

வேறு வழியில்லை. மேஜையைத் தூக்கி வாசலில் போட்டோம். சாரல் மூஞ்சியில் அடித்தது. ப்யூரெட்டுக்குள் மழைத் துளி விழக்கூடாதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடை வந்து நின்றது. பாவூர்சத்திரத்து வியாபாரி. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்.

"என்ன செய்யுதிய, டீச்சரம்மா?"

"உங்க தங்கச்சி ஏன் ஆவியாப் போனாங்கன்னு பாக்கேன், அண்ணாச்சி."

அவர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

முதலில் அயோடினை எடுத்தேன். டெவலப்பர் கெட்டுப்போகாமல் காப்பது அதிலுள்ள சல்பைட் என்கிற உப்பு. ஈரக்காற்றில் அது பலம் இழந்துவிடும். என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கொட்டகை மருந்தில் கூவைக் கஞ்சியை ஒரு சொட்டு விட்டு அயோடினைச் சொட்டினேன். சல்பைட் தீர்ந்த இடத்தில், நிறமே இல்லாமல் இருந்த தண்ணீர் சட்டென்று மைநீலமாக மாறியது. சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம் எழும்பியது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு முன்னால் நகர்ந்து வந்தார். தேய்க்கக் கொடுத்திருந்தவரும் பாதி முதுகோடு அவர் பின்னாலேயே வந்தார்.

ஸ்டூடியோ பாட்டிலுக்கும் அதையே செய்தேன். இரண்டும் ஒரே அளவு. சல்பைட்மேல் குற்றம் இல்லை.

அடுத்து சோடா. இந்தத் தடவை பகல் வெளிச்சத்தில். ஸ்டூடியோ மருந்து சிவக்கப் பதினாறே கால் மில்லி அமிலம் பிடித்தது. கொட்டகை மருந்துக்கு எட்டே காலிலேயே சிவந்துவிட்டது. நம்பிக்கை வராமல் மறுபடியும் செய்தேன். மூன்றாம் தடவை செய்யும்போது கூட்டமே வாய்விட்டு எண்ணியது. "ஏழு, ஏழரை, எட்டு" என்று வந்து, எட்டே காலில் "செவந்துட்டு லே" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

படம் போடுகிற உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். சல்பைட்டும் கொஞ்சம் அமிலத்தைத் தின்னும். அதைக் கழித்தால், நல்ல மருந்தில் சோடாவின் பங்கு பன்னிரண்டரைக்குச் சற்று மேல், கொட்டகை மருந்தில் நாலரைக்குச் சற்று மேல். ஒன்றை மற்றதால் வகுத்தேன். இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எண்ணைப் பார்த்ததும் என் கை நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த எண் அது. துணி வெளுக்கிற சோடாவில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று உலர்ந்த தூள். இன்னொன்று படிகம். பார்க்க உலர்ந்திருந்தாலும் படிகத்துக்குள் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஒரு பங்கு தூள் செய்கிற வேலைக்குப் படிகம் இரண்டே முக்கால் பங்கு வேண்டும். கல்லூரியில் இதற்கே ஒரு பரீட்சைக் கேள்வி உண்டு.

"சோடா டப்பாவை எடுங்க" என்றேன்.

ஸ்டூடியோவில் பழைய டப்பாவே ஓடிக்கொண்டிருந்தது; இது கொட்டகைக்கென்று புதிதாக வாங்கியது. இந்த டப்பாவிலும் இருந்தது வெள்ளைத் தூள்தான். படிகமாக இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு சிட்டிகை எடுத்து உலர்ந்த சோதனைக் குழாயில் போட்டு, ஸ்டவ் தீயில் காட்டினேன். தூள் உருகிக் குழம்பாகிக் கொதித்தது. குழாயின் வாயோரம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது.

"தண்ணியத்தான் நிறுத்துப் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றேன்.

அவர் அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தராசை எடுத்து, நான் சொன்ன இரண்டே முக்கால் பங்கு சோடாவை நிறுத்து, புது மருந்து கலக்கினார். காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜையைச் சுற்றி நின்ற கூட்டத்தையே ஒரு படம் எடுத்தார். கால் மணி நேரத்தில் இருட்டறையிலிருந்து ஈரம் சொட்ட அந்தப் பிலிமோடு வந்தார். கன்னங்கரேலென்று, கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக ஒரு நெகட்டிவ். எண்ணெய்க் கிண்ணத்தில் இருந்த பளபளப்புகூடப் பதிந்திருந்தது.

வியாபாரி குடையை இறக்கி மடக்கினார். "எல்லாஞ் சரி. என் தங்கச்சி?"

அப்போதுதான் என் கணவர் அந்த வெளிறிய நெகட்டிவை மறுபடியும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"வெளிச்சம் பத்தாம இருந்தா நிழல்ல ஒண்ணுமே விழுந்திருக்காது. இதுல எல்லாம் விழுந்திருக்கு. சேலைக் கரைகூட இருக்கு. நான் லென்ஸைத் தெறந்து வச்சதுக்கு எல்லாம் வந்திருக்கு. மருந்துதான் பாதியில விட்டுட்டு. இதை மொதல்லயே நான் கவனிச்சிருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, என்னிடம் கேட்டார்: "பொட்டாசியம் பைக்ரோமேட் இருக்கா உங்ககிட்ட?"

வெளிறிய நெகட்டிவைத் தடிப்பாக்க ஒரு வழி இருக்கிறது. பைக்ரோமேட்டும் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு படத்தை முழுக்க வெளுக்க வேண்டும். பிறகு கழுவி, மறுபடி டெவலப்பரில் போட்டால் முன்னைவிட அழுத்தமாகத் திரும்பி வரும். அவர் கேள்விப்பட்டிருந்தார், செய்ததில்லை. வெளுத்த படம் திரும்பி வராமல் போனால் நெகட்டிவ் அதோடு போயிற்று. இதை வியாபாரியிடம் மறைக்காமல் சொன்னார்.

வியாபாரி யோசித்தார். "இப்பம் இருக்கதுல அவ இல்ல. போனா என்ன போயிரப்போகுது? செய்யுங்க. ஆனா நான் பக்கத்துல நிப்பேன்."

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் நாங்கள் இரண்டு பேரும் மருந்துக் கடைக்குப் போனோம். சோடா அங்கேதான் வாங்குவது. கடைக்கார அண்ணாச்சி தயக்கமில்லாமல் சொன்னார்.

"தூள் தீந்துட்டு, தம்பி. மதுரையில இருந்து கல்லுதான் வந்துது. கட்டியா இருந்தா ஒங்களுக்குக் கரைக்கக் கஷ்டமா இருக்கும்னு நாந்தான் உரல்ல போட்டு இடிச்சுச் சலிச்சுக் குடுத்தேன். ஏன், சரியாச் சலிக்கலையோ?"

என் கணவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "நல்லாச் சலிச்சிருந்தீங்க, அண்ணாச்சி" என்றார். அடுத்த தடவை எது வந்தாலும் இடிக்காமல் அப்படியே தரும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயந்தரம் பள்ளிவிட்டு, ப்யூரெட்டைத் திருப்பிக் கொடுத்து, பைக்ரோமேட் வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தேன். வியாபாரி மார்க்கெட் வேலையை மகனிடம் விட்டுவிட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்த வேலைக்கு இருட்டு வேண்டாம். வாசல் வெளிச்சத்திலேயே தட்டை வைத்தோம். ஆரஞ்சு நிறக் கரைசலில் என் கணவர் நெகட்டிவை இறக்கினார்.

அருவி மறைந்தது, குழந்தைகளும் மறைந்தார்கள். ஒவ்வொரு தலையாக மங்கிக் கடைசியில் மஞ்சள் கறை படிந்த ஒரு பிலிம் துண்டு மட்டும் தட்டில் கிடந்தது. வியாபாரி எழுந்து நின்றுவிட்டார். அமில அளவை நான் சரியாகத்தான் போட்டேனா என்று மனசுக்குள் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணவர் மஞ்சள் போகும்வரை குழாய்த் தண்ணீரில் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு டெவலப்பரில் போட்டார்.

முதலில் அருவி வந்தது. அதன் பின்னால் பாறை. அதன்பிறகு பதினாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக, கறுத்து, திடமாக வந்து நின்றார்கள்.

நெகட்டிவ் காய்ந்த பிறகு அச்சுப் போட்டார். படத்தை வியாபாரி இரண்டு கையாலும் வாங்கி வாசலுக்குக் கொண்டுபோனார். இடமிருந்து மூன்றாவதாக நின்ற பெண் இப்போது தெளிவாகத் தெரிந்தாள். ஈரத் தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. காமிராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற புருஷனை ஓரக்கண்ணால் பார்த்து, சிரிப்பை உதட்டுக்குள் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கால்லா?" என்றார் வியாபாரி. திரும்பி எங்களிடம் மறுபடியும் கேட்டார். "இவ சிரிக்காதானே?"

"சிரிக்கத்தான் செய்யுதா, அண்ணாச்சி" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் முன்னால நின்னேன், பாக்க முடியல. அழுதுக்கிட்டுத்தான் நிக்கான்னு நெனச்சேன்." நான்கு படம் கூடுதலாகப் போடச் சொன்னார். ஒன்று கொழும்புக்கு. ஒன்றைக் கடையில் தராசுக்கு மேலே மாட்டப் போவதாகச் சொன்னார்.

அந்த வார முடிவில் ஒரு வண்டிக்காரன் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கூடை காய்கறியை இறக்கிவிட்டுப் போனான். புடலங்காய் மட்டும் பதினொன்று இருந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தும் தீராமல், அடுத்த பத்து நாளும் எங்கள் வீட்டில் புடலங்காய்க் கூட்டுதான்.

அதன்பிறகு சீசன் முடிகிறவரை ஞாயிறுதோறும் நான் கொட்டகைக்குப் போய் மருந்தைத் தரம் பார்த்துக் கொடுத்தேன். ப்யூரெட்டுக்கு ஒவ்வொரு வாரமும் தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஐந்தாவது வாரம் அவரே குற்றாலத்துக்கு வந்து, என் கணவர் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கடிதம் கேட்கவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்துவிட்டது. மத்தியானத்துக்குள் வேலையும் முடிந்தது. அவர் கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, "ஐந்தருவிக்குப் போவமா?" என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து குளித்த முதல் அருவி அது. தண்ணீர் கொஞ்சமாகத்தான் விழுந்தது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.